பாரீஸ் சதுக்கத்தில் ஒரு ஞாயிறு பிற்பகலும் பறிபோன பையும்

தனியாகப் பாரீஸ் போகத் திட்டமிடும் பெண்களுக்காக, அதிலும் என்னைப் போல ஐம்பதை ஒட்டிய வயதில் முதல்முறையாகத் துணையில்லாமல் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளம்புமுன் எனக்குக் கிடைத்த அறிவுரையெல்லாம் மெட்ரோவில் பிக்பாக்கெட், ஈஃபில் கோபுரத்தடியில் கூட்டம், லூவ்ர் வாசலில் கவனம் என்பதோடு நின்றுவிட்டது. ஒரு பழைய சதுக்கத்துப் புல்தரையில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் பை போய்விட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் எதைச் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று எவரும் சொல்லவில்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் மதுரையில் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தை வருஷா வருஷம் நடத்தி நடத்தி, அந்த ஊரை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சீட்டுப் பணம் சேர்த்துப் போனேன். பட்டியலில் முதலில் எழுதி வைத்திருந்தது பிளாஸ் தே வோஜ் சதுக்கம். நான்காம் ஹென்றி மன்னன் 1605இல் கட்டச் சொன்னது. 1610இல் அவன் கொலையுண்டான், முழுசாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1612இல் அவன் மகன் பதின்மூன்றாம் லூயிக்கும் ஸ்பெயின் இளவரசி ஆனுக்கும் நிச்சயதார்த்த விழா எடுத்து, அதோடு சதுக்கத்தையும் திறந்தார்கள். பக்கத்துக்குச் சுமார் 140 மீட்டர், நான்கு பக்கமும் சேர்த்து 36 வீடுகள். எல்லாம் சிவப்புச் செங்கல், வெள்ளைக் கல் விளிம்பு, கருநீலப் பலகைக்கல் கூரை, கீழே சுற்றிலும் வளைவு நடைபாதை. அந்தச் செங்கல்லில் ஒரு பகுதி நிஜச் செங்கல் இல்லை, சுண்ணாம்புப் பூச்சின் மேல் கோடு போட்டு வண்ணம் தீட்டியது என்று படித்திருந்தேன். கிட்டப் போய் நின்று எது எது என்று தேடிப் பார்த்தேன்.

இதே இடத்தில்தான் 1627இல் பூத்வில் பிரபு, சண்டைக்கு அழைத்து வாள்வீசக் கூடாது என்ற தடையை மதிக்காமல் பட்டப்பகலில் வாள்வீசினான். அடுத்த மாதமே அவன் தலையை வெட்டினார்கள். அரச சதுக்கம் என்ற பழைய பெயர் புரட்சியில் போனது. புரட்சி அரசுக்கு முதலில் வரி கட்டிய மாவட்டம் என்பதால் வோஜ் மாவட்டத்தின் பெயரை வைத்தார்கள். ஒரு மூலையில், 6ஆம் எண் வீட்டில், விக்டர் ஹியூகோ 1832 முதல் 1848 வரை குடியிருந்தார். இப்போது அருங்காட்சியகம், நிரந்தரக் கூடங்களைப் பார்க்கக் கட்டணமில்லை, திங்களன்று விடுமுறை.

இவ்வளவு பழைய இடத்தில் புல்லில் துணி விரித்து உட்கார விடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பாரீஸில் குளிர்காலத்தில் புல்தரைக்கு ஓய்வு கொடுத்து மூடிவிடுவார்கள், கோடையில் திறந்திருக்கும். நான் போனது ஜூன் மாத ஞாயிறு. காலையில் லாச்சப்பல் என்ற பகுதிக்குப் போய் மரக்கறி ரோல்ஸும் உளுந்து வடையும் வாங்கிக்கொண்டேன். என் அறை கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கம், அங்கிருந்து நடந்தால் ஈழத் தமிழர் கடைகள் வந்துவிடும். அப்புறம் சான் போல் மெட்ரோவில் இறங்கி ஒரு பகெத் ரொட்டி, கொஞ்சம் சீஸ், ஒரு கூடு செர்ரிப் பழம். லிண்டன் மரத்து நிழல் புல்லைத் தொடுகிற இடத்தில் துப்பட்டாவை விரித்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தது, வளைவுக்குக் கீழே யாரோ வயலின் வாசித்தார்கள், நடுவில் லூயியின் குதிரைச் சிலை. பள்ளிக்கூடம், சமையல், மாமியாருக்கு மருந்து என்று மணி பார்த்தே ஓடிய வாழ்க்கையில் அப்படி ஒரு பிற்பகல் எனக்கு வாய்த்ததே இல்லை. வாய்விட்டு அழத் தோன்றியது, சந்தோஷத்தில்.

பை என் தொடையை ஒட்டி இருந்தது, வாரைக் கணுக்காலில் மாட்டியிருந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுக்க வாரைக் கழற்றினேன். அந்த நேரத்தில் ஒரு இளைஞன் பெரிய வரைபடத்தை விரித்தபடி வந்து எனக்கு முன்னால் குனிந்து ஆங்கிலத்தில் வழி கேட்டான். வரைபடம் என் மடிக்கும் முகத்துக்கும் நடுவில் இருந்தது. எனக்கும் தெரியாது என்று சொல்லி முடிக்கும் முன் நன்றி சொல்லி நகர்ந்துவிட்டான். பாட்டில் என் கையில் இருக்கிறது, பை இல்லை. பின்னால் இன்னொருவர் வந்திருக்க வேண்டும், நான் பார்க்கவே இல்லை. பிறகு விசாரித்ததில் அங்கே இது எல்லோருக்கும் தெரிந்த முறை. வரைபடம், கையெழுத்து கேட்கும் அட்டை, சட்டையில் சாஸ் சிந்திவிட்டுத் துடைக்க வரும் கை, எதுவானாலும் உங்கள் கண்ணை ஒரு பக்கம் இழுப்பதுதான் வேலை. உட்கார்ந்திருக்கும்போது யாராவது முகத்துக்கு நேரே குனிந்தால் பதில் சொல்லாதீர்கள், முதலில் கையைப் பையின் மேல் வையுங்கள். மரியாதைக் குறைவாகத் தோன்றினாலும் பரவாயில்லை.

பையில் இருந்தவை: பாஸ்போர்ட், போன், பர்ஸ், அதில் 180 யூரோ, டெபிட் கார்டு, கண்ணாடி, பி.பி. மாத்திரை. கை கால் நடுங்கியது. தமிழில்தான் கத்தியிருக்கிறேன். பக்கத்தில் குழந்தையோடு இருந்த கணவன் மனைவி எழுந்து வந்தார்கள். அந்தப் பெண் முதலில் செய்த காரியத்தை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றியுள்ள குப்பைப் பைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார், வளைவுக்குக் கீழே தூண் மறைவு, அடுத்த தெரு மூலை வரைக்கும். பணத்தையும் போனையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டுப் போவது உண்டாம். ஒரு குப்பைப் பையில் என் கண்ணாடிக் கூடு கிடைத்தது. பாஸ்போர்ட் கிடைக்கவில்லை.

அடுத்து அவர்கள் என்னைக் காவல் நிலையத்துக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அங்கே கூட்டம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன், அதற்குள் என் கார்டு ஓடிக்கொண்டிருந்தது. பிரான்சில் கார்டைத் தட்டிப் பணம் கட்டும் முறையில் ஒரு தடவைக்கு 50 யூரோ வரை ரகசிய எண் கேட்காது. கடை கடையாகத் தட்டியிருக்கிறார்கள், சுமார் 140 யூரோ. ஆகவே வரிசை இதுதான்: முதலில் கார்டை முடக்குங்கள், அடுத்து சிம்மை முடக்கச் சொல்லுங்கள், அப்புறம் போலீஸ். பக்கத்தில் இருக்கிறவரிடம் போன் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டில் தட்டிக் கட்டும் வசதியை அணைத்துவைக்கலாம், இல்லையென்றால் உச்சவரம்பைக் குறைக்கலாம். இந்தியக் கார்டுகளில் இதற்குத் தனித்தனியாகப் பொத்தான் இருக்கிறது.

காவல் நிலையத்தில் வெளிநாட்டவருக்கென்று பல மொழியில் படிவம் வைத்திருக்கிறார்கள், எனக்கு ஆங்கிலப் படிவம் கொடுத்தார்கள். அதில் 'தொலைந்தது' என்று எழுதுவதா 'திருடப்பட்டது' என்று எழுதுவதா என்பது முக்கியம். சீக்கிரம் முடியும் என்று தொலைந்ததாக எழுதிவிட்டு வந்தால் காப்பீட்டில் பணம் கிடைப்பது கஷ்டம். திருட்டு என்றே புகார் எழுதி, முத்திரையிட்ட ரசீதை வாங்குங்கள். ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணைக் கேட்டார்கள். போனே இல்லாதபோது அந்த எண்ணை எங்கே பார்ப்பது? கிளம்பும் முன் *#06# அழுத்தினால் திரையில் வரும், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தபோது அந்தத் தம்பதி குழந்தை அழுகிறது என்று முன்பே கிளம்பியிருந்தார்கள். கையில் காசு இல்லை, மெட்ரோ கார்டும் பையோடு போய்விட்டது, வழி காட்டும் போனும் இல்லை. பஸ் நிறுத்தங்களில் ஒட்டியிருக்கும் வட்டார வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். ரூ த துரென் தெருவைப் பிடித்து ரெப்புப்ளிக் சதுக்கம், அங்கிருந்து மஜெந்தா பெருஞ்சாலையில் நேராக கார் து நோர். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஜூன் மாதம் பத்து மணி நெருங்கும் வரை வெளிச்சம் இருந்ததால் பிழைத்தேன். அந்த நடையில் எனக்கு வந்த பயம் பணம் போனதைப் பற்றியதே அல்ல. இந்த ஊரில் என்னை இன்னார் என்று சொல்ல ஒரு துண்டுத் தாள்கூட என்னிடம் இல்லை என்ற நினைப்புதான் அடிவயிற்றைப் பிசைந்தது.

அறைக்குப் போகாமல் காலையில் வடை வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "பயப்பிடாதேங்கோ அக்கா. முதல்ல இருங்கோ, தண்ணி குடியுங்கோ. பிறகு கதைப்பம்." அந்தக் குரலைக் கேட்டதும்தான் அழுகை வந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் என் கணவருடையது. மகன் எண், தங்கை எண், வங்கி எண், எதுவும் தெரியாது. அவர் தன் போனிலிருந்தே வாட்ஸ்அப்பில் அழைத்துக் கொடுத்தார். கோடையில் பாரீஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், மதுரையில் நடுராத்திரி ஆகியிருந்தது. "என்னங்க..." என்றதும் மறுமுனையில், "நீ நல்லா இருக்கியா? அதைச் சொல்லு முதல்ல" என்றார். கார்டை முடக்கியது, சிம்மை முடக்கியது எல்லாம் அவர்தான், அந்த ராத்திரியிலேயே.

சிம் முடங்கியதும் வேறொரு கதவு சாத்திக்கொண்டது. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், காப்பீடு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து என் மின்னஞ்சலில் போட்டுவைத்திருந்தேன், எல்லோரும் சொல்கிறபடி. தங்குமிடத்துக் கணினியில் கடவுச்சொல்லைச் சரியாகப் போட்டால், புது இடத்திலிருந்து வருகிறீர்கள், போனுக்கு வந்த எண்ணைப் போடுங்கள் என்கிறது. அந்த போன் திருடனிடம். சிம்மோ செத்துப்போயிற்று. புது சிம் வாங்க நானே மதுரைக்கு நேரில் வர வேண்டும். மின்னஞ்சலில் நகல் வைத்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. கூகுள் கணக்கில் மாற்றுக் குறியீடுகள் என்று ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளலாம், போன் இல்லாமலே அதிலிருந்து ஒரு எண்ணைப் போட்டு உள்ளே போகலாம். அதை அச்சடித்துப் பெட்டிக்குள் வையுங்கள், பைக்குள் அல்ல. அதைவிட எளிது, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா பக்கம், இவற்றின் காகித நகல் ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில் இருப்பவர் கையில். என்னைக் காப்பாற்றியது மதுரையில் விசாவுக்கு விண்ணப்பித்துக் கொடுத்த டிராவல்ஸ்காரரின் கோப்புதான். காலையில் கணவர் போய் அதை போட்டோ எடுத்துக் கடைக்காரர் போனுக்கு அனுப்ப, அவர் தன் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

நான் செய்திருந்த ஒரு நல்ல காரியம், வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஒரு ஃபாரெக்ஸ் கார்டைப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் விட்டுப் போயிருந்தது. அது இல்லையென்றால் சாப்பாட்டுக்கே கை நீட்டியிருப்பேன். ஆனால் அதை ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுக்க முடிந்ததே தவிர, இணையத்தில் எதையும் கட்ட முடியவில்லை, அதற்கும் ஓடிபி போனுக்குத்தான் வரும். இரண்டு கார்டு இருந்தாலும் இரண்டும் ஒரே சிம்மை நம்பியிருந்தால் பாதி உபயோகம்தான்.

திங்கள் காலை இந்தியத் தூதரகம் போனேன். 16ஆம் வட்டாரத்தில், லா ம்யூவெத் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கம். வெளிநாட்டில் பாஸ்போர்ட் போனால் இரண்டு வழி. புது பாஸ்போர்ட்டுக்கு அங்கேயே விண்ணப்பிக்கலாம், நாளாகும், வேலை நிமித்தம் அங்கே வசிப்பவர்களுக்கு அது பொருந்தும். சுற்றுலா வந்தவர்களுக்கு அவசரச் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை, இந்தியாவுக்கு மட்டும் பயணம் செய்யலாம். போலீஸ் ரசீது, பாஸ்போர்ட் நகல், டிக்கெட், புகைப்படம், விண்ணப்பம், கட்டணம், இவ்வளவும் வேண்டும். புகைப்படத்தில் நிறைய பேர் மாட்டுவார்கள். மெட்ரோ நிலையங்களில் இருக்கும் தானியங்கிப் படப்பெட்டி ஐரோப்பிய அளவில், 35க்கு 45 மில்லிமீட்டரில் கொடுக்கும். நான் போனபோது தூதரகத்தில் கேட்டது 2 அங்குலச் சதுரம். லாச்சப்பல் பக்கம் ஒரு ஸ்டூடியோவில்தான் சொன்னதும் அளவு புரிந்து எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது கேட்கும் அளவு என்ன என்று பார்த்து, ஊரிலிருந்தே அந்த அளவில் சில படம் எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் எண்ணும், அது வழங்கப்பட்ட தேதியும் இடமும் தெரிந்திருந்தால் வேலை சீக்கிரம் நகரும் என்று கவுண்டரில் இருந்த அம்மா சொன்னார். தன்மையாகப் பேசினார். விபரம் சரிபார்த்து வர நேரமெடுத்தது, அதற்குள் என் விமானம் நான் இல்லாமல் போய்விட்டது.

டிக்கெட்டை மாற்றியதில்தான் பெரிய அடி. மலிவு டிக்கெட் என்பதால் மாற்றுக் கட்டணமும் அன்றைய விலை வித்தியாசமும் சேர்ந்து 38 ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். அறைக்கு மேற்கொண்டு தங்கிய ராத்திரிகளுக்கு 20 ஆயிரத்தைத் தாண்டியது. ரொக்கமும் கார்டில் போனதும் சேர்த்து 30 ஆயிரம் அளவுக்கு. போன் 22 ஆயிரத்துக்கு வாங்கியது. சான்றிதழ், படம், சாப்பாடு, மாத்திரை எல்லாம் கூட்டினால் லட்சத்தைத் தாண்டிப் போய்விட்டது. மாத்திரை பற்றி ஒரு வார்த்தை: மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் அங்கே புரியாது. மருந்தின் மூலப்பெயரோடு ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு ஒன்று தனியாக வையுங்கள்.

விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகப் போங்கள். என் விமானம் வளைகுடா வழியாக மாறிப் போவது. நடுவில் இறங்கும் நாட்டில் அவசரச் சான்றிதழ் செல்லுமா என்று கவுண்டரில் போன் போட்டு விசாரித்தார்கள், வெகு நேரம் ஓரமாக நிற்க வைத்தார்கள். அந்த நேரம் முழுவதும் வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது. குடியேற்றச் சோதனையில் விசா எங்கே என்று கேட்டபோது விசா நகலையும் போலீஸ் ரசீதையும் நீட்டினேன், பார்த்துவிட்டு அனுப்பினார்கள். முடிந்தால் நேர் விமானமாக மாற்றிக்கொள்ளுங்கள், கேள்வி குறையும்.

சென்னையில் இறங்கியதோடு வேலை முடியவில்லை. புது பாஸ்போர்ட்டுக்கு, தொலைந்ததற்கு மாற்று என்ற வகையில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 3,000 ரூபாய், தட்கல் என்றால் அதற்கு மேல். பிரெஞ்சு போலீஸ் ரசீது, அவசரச் சான்றிதழ், உறுதிமொழிப் படிவம் கேட்பார்கள். காவல் நிலைய விசாரணையும் மறுபடி வரும். பிரெஞ்சு ரசீதுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தால் காப்பீட்டுக்காரர்களிடமும் உதவும்.

காப்பீடு விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரான்சுக்கும் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக எல்லோரும் காப்பீடு எடுக்கிறோம், 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருந்தால் விசா கிடைத்துவிடும் என்று அதோடு விட்டுவிடுகிறோம். என் பாலிசியில் பாஸ்போர்ட் இழப்பு என்று தனியாக ஒரு வரி இருந்தது. சான்றிதழ் கட்டணம், புகைப்படம், புது பாஸ்போர்ட் கட்டணம் அதில் திரும்பி வந்தன. ரொக்கத்துக்கும் போனுக்கும் ஒன்றும் இல்லை. விமான மாற்றுக் கட்டணத்துக்கும் இல்லை. கூடுதலாகச் சில நூறு ரூபாய் கட்டியிருந்தால் அதற்கும் பாலிசி உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. எடுக்கும்போது பயணத் தடை, உடைமைத் திருட்டு, பாஸ்போர்ட் இழப்பு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள், திருட்டு நடந்து எத்தனை மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள், என்னுடையதில் 24 மணி நேரம்.

அந்தச் சதுக்கத்துக்குப் போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அங்கே கழிந்த அந்த ஒன்றரை மணி நேரம் இன்னும் என்னுடையதுதான். போங்கள், துணி விரித்து உட்காருங்கள். பாஸ்போர்ட்டைத் தங்குமிடத்துப் பெட்டகத்தில் பூட்டி, நகலை மட்டும் கொண்டுபோங்கள். பையை மடியில் வைத்து, வாரை உடம்பைச் சுற்றிக் குறுக்கே மாட்டியபடியே சாப்பிடுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைக்காமல் வெளியே வையுங்கள். முதுகுக்குப் பின்னால் திறந்த வழி இல்லாத இடம் பார்த்து உட்காருங்கள், இல்லையென்றால் குழந்தைகளோடு வந்திருக்கும் குடும்பங்களுக்கு நடுவில். பத்து யூரோ நோட்டு ஒன்று, பயணம் ஏற்றிய ஒரு மெட்ரோ கார்டு, தங்குமிட முகவரி, இரண்டு போன் எண் எழுதிய சீட்டு, இந்த நான்கும் உடுத்தியிருக்கும் துணிக்குள் இருக்கட்டும். என் தங்கை மகள் செப்டம்பரில் தனியாகப் போகிறாள், அவள் குர்த்தாவுக்கு உள்பை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.